மந்திரித்த கார்

செல்ஃப் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் அத்தான் சாவியை முறுக்கியபடியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ. பற்றரியைக் கொல்லாதையுங்கோ" என்றேன்.

"நேற்று ஓடினதுதானே?"

"நேற்று ஓடினது. நான்தானே ஓட்டிக்கொண்டு வந்தனான்."

பின் இருக்கையில் அப்பா இருந்தார். வெள்ளைச் சேர்ட், வெள்ளை வேட்டி, மடியில் பெட்டி. கழுத்தை நீட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வது பழக்கத்தில் வருகிறது. இடது கண் போய் இரண்டு வருடம். வலது கண்ணில் எங்களை அசைகிற இரண்டு நிழல்களாகத்தான் கண்டிருப்பார்.

தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய காலம் அது. மதுரையில் ஒரு கண் வைத்தியர் வலது கண்ணை வெட்டிச் சரியாக்கலாம் என்று கடிதம் போட்டிருந்தார். தாமதித்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார். அப்பாவுக்கும் துணைக்குப் போகிற தனக்கும் விசா எடுக்க அத்தான் கொழும்புக்கு நாலு தரம் அலைந்தார். அந்த விசாவில் போட்டிருந்த கடைசி நாள்தான் அன்று. அன்றைக்குக் கப்பல் ஏறாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. கண் அதுவரை பொறுக்காது.

ஏன் கடைசி நாள் வரை இருந்தீர்கள் என்று யாரும் கேட்கலாம். முதல் காரணம் நான். உப்புக்குளத்துப் பக்கம் ஒரு கராஜில் அப்போது வேலை செய்தேன். அத்தான் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். யாரோ கைவிட்ட பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றை வாங்கி, "நீ இருக்கிறாய்தானே தம்பி" என்று என் தலையில் கட்டினார். எஞ்சினை முழுக்கக் கழற்றிப் பூட்டினேன். பிஸ்டன் ரிங் கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை எடுத்தது. இரண்டாவது காரணம் அப்பா. மந்திரிக்காத வாகனத்தில் கடல் கடக்கிற பயணத்துக்குப் போகமாட்டேன் என்றார். எங்கள் ஆட்கள் புது வள்ளத்தையும் புது வீட்டையும் மந்திரிப்பதுபோல வாகனத்தையும் கோயில் பாதிரியாரான சுவாமியைக் கூப்பிட்டு மந்திரிப்பார்கள். சுவாமி மடு மாதா கோயிலுக்குப் போய் முதல்நாள் பின்னேரம்தான் திரும்பியிருந்தார்.

"கோச்சியிலை போவம். விடிய வாற கோச்சி நேரை துறைக்குப் போகுது" என்று நான் முதல்நாளே சொன்னேன்.

"வாசலிலை கார் நிக்க ஏன் கோச்சி?" என்றார் அத்தான்.

அந்த ரயில் காலையில் சுவாமி செபம் வாசித்துக்கொண்டிருந்தபோது தோட்டவெளியைத் தாண்டிப் போனது. பனைகளுக்கு மேலே புகையைக் கண்டேன்.

சுவாமி மந்திரித்து முடித்துத் தன் மோட்டார் சைக்கிளை ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எங்கள் கார் பிடிக்கவில்லை. கப்பல் புறப்பட இன்னும் மூன்று மணித்தியாலம் கிடந்தது. துறைக்கு முக்கால் மணித்தியால ஓட்டம். ஆனால் சுங்கத்தில் பெட்டி பார்க்கிற வரிசை நீளம். கடைசி ஒரு மணித்தியாலத்தில் கேற்றை மூடிவிடுவார்கள்.

வேறு வாகனம் பிடிக்கலாமே என்றால், எங்கள் ஒழுங்கையில் வேறு கார் இல்லை. பஸ் மத்தியானம்தான்.

பொனற்றைத் திறந்தேன். அக்கம்பக்கத்து ஆம்பிளைகள் ஏழெட்டுப் பேர் மந்திரிப்புப் பார்க்க வந்து இன்னும் போகாமல் நின்றார்கள். கரைவலை இழுக்கிறவர்கள். எஞ்சின் என்றால் வள்ளத்து எஞ்சின்தான் தெரியும். அதனால் வாய் மூடுமா?

"பெற்றோல் இருக்கோ, பார்."

"அடைச்சுப் போச்சு போல. ஊதிப் பார்."

"புது ரிங் போட்டது இறுகியிருக்கும். உவன் இறுக்கிப் போட்டான்."

"தள்ளுவம், தள்ளினால் பிடிக்கும்."

"மணலிலை எப்பிடித் தள்ளுறது? உன்ரை வள்ளமோ?" என்றேன்.

முன்னால் செருகிக் கையால் சுற்றுகிற கம்பி இருந்தால் பற்றரியை மிச்சம் பிடித்திருக்கலாம். விற்றவன் அதைக் கொடுக்கவில்லை. அத்தானும் கேட்கவில்லை.

எஞ்சின் சுற்றியும் பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு. பெற்றோல் வருகிறதா, பொறி வருகிறதா. கராஜில் முதல் கிழமையே படித்த விஷயம். ஆனால் அன்று எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. நானே கழற்றிப் பூட்டிய எஞ்சின். கூட்டத்தில் ஒருவன் "உவன் இறுக்கிப் போட்டான்" என்றதும் எனக்குள் அதுதான் ஓடியது. ரிங்கோ? வால்வோ? பற்சக்கரத்தை ஒரு பல் தள்ளிப் பூட்டினேனோ? நேற்று டவுனிலிருந்து வீடுவரை ஓடிவந்த எஞ்சின் ஓர் இரவில் பல் தள்ளாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் கார்பரேற்றரைக் கழற்றி, ஊதி, திரும்பப் பூட்டி அரை மணித்தியாலத்தை வீணாக்கினேன்.

"இப்ப அடியுங்கோ."

அத்தான் சோக்கை முழுக்க இழுத்து, அக்சிலேற்றரை நாலைந்து தரம் மிதித்து, செல்ஃபை அடித்தார். பெற்றோல் மணம் குப்பென்று வந்தது. எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை.

"ஆர் உங்களை மிதிக்கச் சொன்னது? பெற்றோல் பெருகிப் போச்சு."

"நீ அடியெண்டாய், அடிச்சன். என்னிலை ஏன் பாயிறாய்?"

"தம்பி," என்றார் அப்பா பின்னாலிருந்து, "கத்தாதை. இப்பதான் மந்திரிச்சது."

அக்கா கதவடியில் நின்றாள். அவள் கணவனையும் பேச முடியாது, தம்பியையும் பேச முடியாது. ஆனால் முகத்தில் எல்லாம் இருந்தது.

ஆத்திரத்தில் ஒரு நன்மை நடந்தது. எல்லாரையும் எட்ட நிற்கச் சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். பெற்றோல் வருகிறது, மூக்கே சொல்கிறது. அப்படியென்றால் பொறி. ஒரு பிளக்கைக் கழற்றினேன். நனைந்திருந்தது. துடைத்து, வயரை மாட்டி, எஞ்சின் இரும்பில் சாய்த்து வைத்து, "ஒருக்கா மட்டும் அடியுங்கோ" என்றேன். பிளக்கின் நுனியில் ஒன்றுமில்லை. பொறியைப் பிறப்பிக்கிற கொயிலிலிருந்து வருகிற தடித்த வயரைப் பிடுங்கி இரும்புக்குக் கிட்டப் பிடித்தேன். டக்கென்று நீலப் பொறி பாய்ந்தது.

கொயில் தருகிறது. பிளக்குக்குப் போகவில்லை. நடுவில் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் தலையில் உள்ள கறுப்பு மூடிதான் பொறியை வாங்கி நாலு பிளக்குக்கும் முறைப்படி பங்கிட்டு அனுப்புவது. இரண்டு கிளிப்பையும் தட்டி மூடியைத் தூக்கினேன்.

உள்ளே தண்ணீர். சுவரெல்லாம் துளி துளியாக.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மழை பெய்து மாதக்கணக்காகிறது. தண்ணீர் எங்கிருந்து வரும்? வெட்கக்கேடு என்னவென்றால், அது எப்படி வந்தது என்பதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தேன்.

சுவாமி செபம் முடித்து, தீர்த்தம் தெளிக்கிற குச்சியால் காரின் முன்னும் பின்னும் தெளித்தார். அப்போது அப்பாதான் சொன்னார்: "சுவாமி, தகரத்தை மந்திரிச்சுப் போதுமோ? ஓடுறது உள்ளே இருக்கிற எஞ்சின்தானே." சுவாமி சிரித்தார். நான் பொனற்றைத் திறந்தேன். நான்தான் திறந்தேன். சுவாமி உள்ளே இரண்டு தரம் தெளித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். அவரோடு வாளி தூக்கி வந்தவர் மூப்பர். கோயில் சாவி, மணி, மெழுகுதிரி எல்லாம் அவர் பொறுப்பு. அப்பாவும் அவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். சுவாமி அந்தப் பக்கம் திரும்ப, கண் சுகப்பட வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, வாளியில் மிஞ்சிக் கிடந்ததை அப்படியே எஞ்சினின் தலையில் ஊற்றினார் மூப்பர்.

நின்ற எல்லாரும் பார்த்தோம். நான் எஞ்சின் வேலை செய்கிறவன். கராஜில் யாராவது எஞ்சினில் ஒரு பேணி தண்ணீர் ஊற்றியிருந்தால் கையை முறித்திருப்பேன். ஆனால் அது தண்ணீர் என்று எங்களில் ஒருவருக்கும் படவில்லை. தீர்த்தம் என்றால் தீர்த்தம். அது வயரை நனைக்கும் என்று யார் நினைப்பது? நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பொனற்றை மூடினேன்.

மூடியில் நாலு வயரும் இறங்குகிற துளைகளுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும். பழையவை வெடித்துப் போயிருந்தன. புதியவை கிடைக்காததால் உறை இல்லாமலே பூட்டினேன். அது என் பிழை.

சீலைத்துண்டை எடுத்தேன். கூட்டத்துக்குள் நின்ற மூப்பர் முன்னுக்கு வந்தார்.

"என்ன செய்யிறாய்?"

"துடைக்கிறன். உள்ளுக்குத் தண்ணி."

"அது வெறும் தண்ணியில்லை. மந்திரிச்சது. அந்த ஊத்தைச் சீலையாலை துடைக்கிறியோ?"

"மூப்பர், தள்ளி நில்லுங்கோ."

"மந்திரிச்ச தண்ணியாலை கார் நிண்டதெண்டு சொல்லுறியோ?"

"நீங்கள் ஊத்தின தண்ணியாலை நிண்டது. ஆர் உங்களை ஊத்தச் சொன்னது? சுவாமி தெளிச்சார், முடிஞ்சுது. உங்களுக்கு என்ன அவசரம்? கிணத்தடியிலை குளிக்க வாக்கிறமாதிரி வாத்துப்போட்டு!"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மூப்பரின் முகம் சுருங்கிப் போனது. கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு, காரைத் தடவித் தடவி முன்னால் வந்தார். சேர்ட்டுப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து நீட்டினார். பயணத்துக்கென்று அக்கா வாங்கிக் கொடுத்த புதுக் கைக்குட்டை, மடிப்புக் கலையாதது.

"மூப்பர், இது துப்பரவு. இதாலை துடைக்கலாந்தானே?"

மூப்பர் பின்னுக்கு நகர்ந்தார். நான் வாங்கித் துடைத்தேன். மூடியைப் பூட்டினேன். நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்துப் போட்டேன். அத்தான் அடித்தார். எஞ்சின் இரண்டு தரம் இருமியது. பிறகு இல்லை. செல்ஃபின் சத்தம் இளைக்கத் தொடங்கியது. பற்றரி இன்னும் இரண்டு தரம் தாங்கும். அதற்கு மேல் இல்லை.

மூடியைத் திரும்பக் கழற்றி வெயிலில் சரித்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. ஆனால் உட்சுவரில் முனைக்கு முனை வெள்ளையாக மெல்லிய கோடுகள். நாக்கில் தொட்டேன். உப்பு. கடல் தண்ணீர்போல உப்பு. உப்புப் படிந்த இடத்தில் மின்சாரம் வழி தவறி ஓடும். பிளக்குக்குப் போகாது.

"மூப்பர், தீர்த்தத்துக்கு எவ்வளவு உப்புப் போடுறது?"

தீர்த்தம் மந்திரிக்கும்போது உப்புச் சேர்ப்பது வழக்கம். அது எங்களுக்குத் தெரிந்ததுதான்.

"சுவாமி மூண்டு சிட்டிகை போட்டவர்."

"மூண்டு சிட்டிகை இப்பிடிக் கைக்காது. நீங்கள்?"

அவர் நிலத்தைப் பார்த்தார்.

"பீப்பாவிலை வச்சால் ஒரு கிழமையிலை பாசி பிடிக்குது. மணக்குது. சனம் விரல் வைக்க அருவருக்குதுகள். அதுதான் நான் மேலதிகமாப் போடுறனான்."

"எவ்வளவு?"

"ரெண்டு சிரங்கை."

"ரெண்டு கையும் சேர்த்தோ?"

"ஓம்."

"மீன் கருவாடு போடுறதுக்கோ தீர்த்தம் வச்சிருக்கிறியள்?"

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. இந்தத் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா என் தோளைத் தேடிப் பிடித்து இறுக்கினார்.

"உப்பெண்டால் என்ன செய்ய வேணும்? அதைச் சொல்லு."

"கழுவ வேணும்."

அக்கா உடனே கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் வளவுக் கிணறு உவர். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதுதான். வேண்டாம் என்றேன். குடிக்கிற நல்ல தண்ணீர் தூரத்துக் கிணற்றிலிருந்துதான் வரும். அன்று பயண அவசரத்தில் அக்கா எடுக்கப் போகவில்லை. வீட்டில் கிடந்தது ஒரே ஒரு போத்தல். கொதிக்கவைத்து ஆற்றி, கப்பலில் மருந்துக் குளிசை குடிக்க அப்பாவுக்கென்று வைத்தது. அப்பாவே அதைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொடுத்தார்.

மூடியை வயர்களிலிருந்து கழற்ற வேண்டும். ஒழுங்கு மாறினால் எஞ்சின் வெடிச் சத்தம் போடும், ஓடாது. அத்தானைக் கூப்பிட்டு நாலு வயரையும் வரிசைப்படி நாலு விரலிடுக்கிலும் செருகினேன்.

"அசையாதையுங்கோ. இலையான் மொய்ச்சாலும் அசையாதையுங்கோ."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்லுமட்டும்."

கந்தோர்க் கிளாக்கர், காலுறையும் சப்பாத்தும் போட்டு, எஞ்சினுக்கு மேலே கையை விரித்துக்கொண்டு நின்றார். கரைவலைக்காரன் ஒருவன், "கிளாக்கர் ஐயா இப்ப மந்திரிக்கிறார்" என்றான். அத்தான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அவரை இன்றுவரை மதிக்கிறேன்.

அப்பா போத்தலைச் சரித்து ஊற்ற, நான் மூடியைத் திருப்பித் திருப்பிக் கழுவினேன். அவருக்கு மூடி தெரியவில்லை. என் கையைத் தொட்டு இடம் பார்த்து ஊற்றினார். அரைப் போத்தல் போனது. நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. இனி காய வேண்டும், ஒரு சொட்டும் இல்லாமல். வெயிலில் வைத்தால் நேரம் பிடிக்கும். அக்கா உள்ளே ஓடிப்போய் ஸ்திரிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். விடிய அப்பாவின் சேர்ட்டை அதில்தான் தேய்த்திருந்தாள். சிரட்டைக் கரி சாம்பலுக்குள் இன்னும் கனன்றது. மூப்பர் வந்து பெட்டியின் வாயில் குனிந்து ஊதினார். கரி சிவந்தது. உருகிவிடாமல் மூடியை மேலே தூக்கிப் பிடித்து, லேஞ்சியால் துடைத்து, திரும்பவும் பிடித்தேன். அவர் ஊத, நான் பிடிக்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பூட்டினேன். அத்தானின் விரலிலிருந்து ஒவ்வொரு வயராக எடுத்துச் செருகினேன்.

"சோக்கைத் தொடாதையுங்கோ. மிதிக்காதையுங்கோ. சாவி மட்டும்."

செல்ஃப் கிழவனைப்போல முனகிச் சுற்றியது. ஒன்று, இரண்டு. மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது.

கூட்டம் கை தட்டியது. அப்பா மூப்பரைத் தேடி நிழல்களுக்குள் திரும்பிப் பார்த்தார். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு அதற்குள் ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தார்.

காரை நான் ஓட்டினேன். பேசாலை தாண்டும்வரை வேகத்தைக் குறைக்கவில்லை. பிறகு அப்பா, ஈரமான லேஞ்சியை மடித்தபடி, "இது மந்திரிச்ச தண்ணி பட்டது. கண்ணிலை வச்சுக்கொண்டு போறன்" என்றார்.

"உப்புச் சீலையைக் கண்ணிலை வச்சால் எரியும். பையுக்கை வையுங்கோ."

பையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ பேசினது சரியில்லை" என்றார்.

"கப்பல் போயிருந்தால்?"

"போயிருந்தாலும் சரியில்லை."

துறையில் கேற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் இறங்கி ஓடிப்போய்ச் சிங்களத்தில் கெஞ்சினார். நான் எஞ்சினை அணைக்காமல் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். உள்ளே விட்டார்கள். அத்தானும் அப்பாவும் கப்பலில் ஏறியதைக் கம்பிக்கு வெளியில் நின்று பார்த்தேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு அவர்களைக் கூட்டிவர அதே துறைக்கு அதே காரில் போனேன். அப்பா தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒருவர் கையையும் பிடிக்காமல் நடந்து வந்தார். என்னைப் பார்த்து, "மெலிஞ்சு போனாய்" என்றார். நேரே காரின் முன்பக்கம் போனார்.

"உந்தப் பொனற்றைத் திற. அந்த மூடியைக் காட்டு."

எஞ்சின் சூடாக இருந்தது. சீலையால் பிடித்துக் கழற்றி, வயர்களோடு திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு சின்ன விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு முனையாகத் தொட்டார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. நடுவிலை கரித்துண்டு ஒண்டு."

"ஓம்."

"இவ்வளவு சின்னச் சாமான்."

"ஓம்."

"வீட்டை போக முதல் மூப்பர் வீட்டடியிலை நிப்பாட்டு."

அந்த ஆறு கிழமையும் நான் கோயிலுக்குப் பின் வாசலால்தான் போய்வந்தேன். அவர் முன் வாசலில் நிற்பார். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. மூப்பர் வீட்டடியில் நிறுத்தினேன். அப்பா இறங்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணாடிக்குள் கண் பெரிதாகத் தெரிந்தது.

நான் இறங்கினேன். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை.